ஆமை புகுந்த வீடும் மனிதன் புகுந்த தீவும்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது." இந்தப் பழமொழியைக் கேட்காமல் வளர்ந்தவர் நம் வயதில் யாரும் இருக்க மாட்டார்கள். நானும் எழுபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதில் பாதி உண்மை, பாதி அபாண்டம் என்பது என் கட்சி. அமீனாவைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. ஜப்திக்கு ஆள் வந்த வீடு எழுந்து நிற்பது கஷ்டம்தான். ஆனால் ஆமை என்ன பாவம் செய்தது? அதை ஏன் அமீனாவோடு ஒரே வரியில் நிறுத்த வேண்டும்?

அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குறிப்பு எழுதிப் பழகியவன் நான். ஒருவர் மேல் புகார் வந்தால் எதிர்த் தரப்பையும் கேட்காமல் கோப்பை மூடக் கூடாது என்பது அங்கே பாலபாடம். ஆமையின் தரப்பை இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆகவே அதன் சார்பில் இந்த ஆட்சேபனை மனு. சாட்சியாக, தலையில் கொம்பு வைத்த ஓர் ஆமையையே கூப்பிடப் போகிறேன். சிரிக்காதீர்கள். முயல் கொம்பு என்பது பேச்சுக்குத்தான். ஆமைக் கொம்பு நிஜமாகவே இருந்தது.

முதலில் வழக்கின் விவரம். போன ஐப்பசி மழையில் எங்கள் தட்டாஞ்சாவடியில், தொழிற்பேட்டைக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு வீட்டின் வராண்டாவில் ஓர் ஆமை ஏறி உட்கார்ந்துவிட்டது. இரண்டு கை அகலம் கூட இல்லை. அந்த வீட்டு அம்மாள் என்னைப் பார்த்ததும், "சார், ஆமை வந்துடுச்சு சார், இனிமே வீடு வெளங்குமா?" என்று அழாத குறையாகக் கேட்டார். ஒருவர் துடைப்பக்கட்டையை எடுத்தார். இன்னொருவர் எந்த ஜோசியரிடம் பரிகாரம் கேட்கலாம் என்று போனில் விசாரித்தார். கடைசியில் தெருப் பையன் ஒருவன் அதை வாளியில் எடுத்து வைத்து, வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்தான். ஆமையால் அந்த வீட்டுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பிறகு நடந்த ஹோமத்துக்குத்தான் பல ஆயிரம் செலவு.

அந்த ஆமை எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அறுபது வருஷத்துக்கு முன் அந்தத் தெரு இருந்த இடத்தில் வயலும் குட்டையும் இருந்தன. நான் மீன் பிடித்த குட்டை அது. அதைத் தூர்த்து மனை போட்டோம். மழை வந்ததும் தண்ணீர் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. ஆமையும் கூடவே வந்தது. யார் வீட்டில் யார் புகுந்தது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இப்படிச் சொன்னால் பழமொழிக்கு வக்காலத்து வாங்க மூன்று பேர் வருவார்கள்.

முதலாமவர் வாட்ஸ்அப் புலவர். "அது பிராணி ஆமை இல்லை ஐயா. கல்லாமை, பொறாமை, முயலாமை, இந்த ஆமைகள் புகுந்த வீடு உருப்படாது என்று முன்னோர்கள் மறைபொருளாகச் சொன்னார்கள்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழமொழியின் அடுத்த பாதியில் வரும் அமீனாவுக்கு என்ன மறைபொருள்? அவர் அசல் அமீனா என்றால், பக்கத்தில் நிற்பதும் அசல் ஆமைதான். தவிர, துடைப்பக்கட்டையை ஓங்குகிறவர் பொறாமையை நினைத்து ஓங்குவதில்லை.

இரண்டாமவர், "அது ஆமை இல்லை, ஆம்பி, அதாவது காளான். காளான் பூத்த ஈர வீடு உருப்படாது என்பதுதான் திரிந்துவிட்டது" என்பார். இருக்கலாம். அப்படியானால் சந்தோஷம், இன்றிலிருந்து காளானைத் திட்டுங்கள், ஆமையை விடுங்கள்.

மூன்றாமவர், "ஆயிரம் வருஷத்துப் பழமொழி, முன்னோர் பொய் சொல்வார்களா?" என்பார். அமீனா என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது. நவாபு, கும்பினி காலத்துக் கச்சேரிகளில் புழங்கிய பதவி அது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் எங்கள் பக்கம் ஜப்திக்கு வந்தவர் உய்சியே. அமீனா என்றால் எல்லை தாண்டிய ஊர்ச் சமாசாரம். ஆக, இப்போது நாம் சொல்லும் உருவத்தில் இந்தப் பழமொழிக்கு ஆயிரம் வருஷ வயது இருக்க முடியாது.

உண்மையான முன்னோர் என்ன செய்தார்கள்? கிணற்றில் ஆமையை விட்டார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றிலும் ஒன்று இருந்தது. புழுவையும் பூச்சியையும் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்று என் பாட்டி சொல்வார். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகளும் உருப்பட்டோம். திருவள்ளுவர் அடக்கமுடைமை அதிகாரத்தில், ஐம்புலனையும் அடக்குவதற்கு ஆமையைத்தான் உதாரணம் காட்டினார். காஞ்சிபுரத்தில் கச்சபேசுவரர் கோயில் இருக்கிறது. பெருமாள் ஆமை வடிவில் சிவனைப் பூசித்த தலம். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கோ, முயலை ஆமை ஜெயித்த லா ஃபொந்தேன் பாட்டைப் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்தது இன்னும் நினைவிருக்கிறது. குறள், கோயில், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் ஆமைக்கு நற்சான்று கொடுக்கின்றன. கெட்ட பெயர் கொடுப்பது இந்த ஒரு வரிதான்.

இப்போது சாட்சியைக் கூப்பிடுகிறேன்.

இதன் பெயர் மெயோலேனியா. நிலத்தில் வாழ்ந்த ஆமை. இன்று உயிரோடு ஒன்றும் இல்லை, எலும்புகள்தான் கிடைக்கின்றன. ஓடு மட்டும் ஒரு மீட்டர் நீளம். தலையின் இரு பக்கமும் மாட்டுக்கு இருப்பது போல வெளியே நீட்டிய கொம்பு. வாலைச் சுற்றி வளையம் வளையமாக எலும்புக் கவசம், நுனியில் முள் வைத்த கதை போல ஒரு குமிழ். கொம்பு இருந்ததால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. வள்ளுவர் இதைப் பார்த்திருந்தால் வேறு உதாரணம் தேடியிருப்பார்! ஆனால் இவ்வளவு ஆயுதம் தரித்தும் இது யாரையும் வேட்டையாடவில்லை. இலை தழை தின்ற பிராணி.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர் தூரத்தில் லார்டு ஹோவ் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே கிடைத்த எலும்புகள் லண்டனுக்குப் போயின. ரிச்சர்டு ஓவன் என்ற பெரிய பண்டிதர் 1886-இல் அதற்குப் பெயர் வைத்தார். கொம்பைப் பார்த்ததும் பல்லி இனம் என்று நினைத்துவிட்டார். ஏற்கெனவே ஆஸ்திரேலியாவின் ராட்சதப் பல்லி ஒன்றுக்கு மெகலேனியா, அதாவது பெரிய அலைவோன் என்று பெயர் கொடுத்தவர் அவர்; இதற்குச் சிறிய அலைவோன் என்ற பொருளில் மெயோலேனியா என்றார். மறு வருஷமே அவருடைய பழைய எதிராளி ஹக்ஸ்லி, இது பல்லி அல்ல, ஆமை என்று எழுதினார். ஆனால் முதலில் பதிவான பெயர்தான் செல்லும் என்பது அவர்கள் சட்டம். ஆகவே ஆமைக்குப் பல்லிப் பெயரே நிலைத்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் பிறந்த தேதி தப்பாக ஏறிய சர்வீஸ் புத்தகம் போலத்தான்.

இந்தக் குடும்பத்து உறவினர் எலும்புகள் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவின் அர்ஜென்டினாவிலும் கிடைத்திருக்கின்றன. தெற்குக் கண்டங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்த காலத்துக் குடும்பம் என்று இதிலிருந்து அறிகிறோம். ஆஸ்திரேலிய உறவினர் ஒருவருக்கு 1992-இல் நின்ஜெமிஸ் என்று பெயர் வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் டிவியில் பார்க்கும் நிஞ்ஜா ஆமைகளை மனதில் வைத்து வைத்த பெயராம். படித்தவர்களுக்கும் விளையாட்டுப் புத்தி இருக்கிறது.

நமக்குத் தெரிந்த பூகோளத்துக்கு வருகிறேன். நூவெல் கலெதோனி என்றால் நம்மூர் சொல்தா குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிரெஞ்சுப் பிரதேசத்தைச் சேர்ந்த வால்போல் என்ற தீவிலிருந்தும் கொம்பாமை எலும்புகள் வந்தன. சிட்னியில் இருக்கும் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்து ஆண்டர்சன் 1925-இல் அவற்றை விவரித்தார். அதற்கு வடக்கே, 1980 வரை பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சேர்ந்து ஆண்ட நூவெல் ஹெப்ரீது தீவுகள். இன்று வனுவாட்டு என்கிறார்கள். அங்கே எஃபாத்தே தீவில் தெயூமா என்ற இடத்தில் மிகப் பழைய இடுகாடு ஒன்றைத் தோண்டினார்கள். பக்கத்திலேயே அந்தக் காலத்துக் குப்பைமேடு. அதில் ஆமை எலும்புகள் இருந்தன. 2010-இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

படிக்கும்போது என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. கிடைத்தவை பெரும்பாலும் கால் எலும்புகள். தலையும் இல்லை, வாலும் இல்லை, ஓடும் கொஞ்சம்தான். இதற்கு அவர்கள் சொன்ன காரணம் எளிது: ஆமையை வேறிடத்தில் வெட்டி, கறி உள்ள காலை மட்டும் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். கசாப்புக் கடைக்குப் போய்வரும் நமக்கு இது புரியாதா? தலை கிடைக்காததால், இது லார்டு ஹோவ் ஆமையின் நேர் இனம்தானா என்பதில் இன்னும் வாதம் உண்டு. ஆனால் தேதிகள் பேசுகின்றன. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் படகில் அந்தத் தீவுக்கு வந்து இறங்கினார்கள். கூடவே பன்றியும் எலியும் வந்தன. முந்நூறு ஆண்டுக்குள் அந்த ஆமை அங்கே இல்லாமல் போயிற்று.

எத்தனை லட்சம் ஆண்டு கொம்பும் கவசமும் வைத்துக்கொண்டு பிழைத்த பிராணி! புயல், எரிமலை எல்லாவற்றையும் தாங்கியது. மனிதன் புகுந்த பின் பத்துப் பன்னிரண்டு தலைமுறைதான் தாங்கியது. பழமொழியைத் திருப்பி எழுத இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

நியாயமாகப் பேச வேண்டும். ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. லார்டு ஹோவ் தீவில் மனிதர் குடியேறியது 1834-இல்தான். அதற்கு வெகு காலம் முன்பே அங்கே கொம்பாமை அழிந்துவிட்டது. அந்த மரணத்தில் நம் கை இல்லை. ஒன்றில் குற்றமற்றவன் என்பதால் மற்றதில் விடுதலை கிடைக்காது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

மற்றவற்றுக்கு மூவாயிரம் வருஷம் பின்னால் போக வேண்டியதில்லை. ரொத்ரிக், மொரீஸ், புர்போன் என்கிற ரெயூனியோன்: இவற்றில் மொரீஸுக்கும் ரெயூனியோனுக்கும் நம் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள். கொம்பில்லாத ராட்சத ஆமைகள் அங்கே ஏராளமாக இருந்தன. 1691-இல் ரொத்ரிக்கில் இறங்கிய பிரான்சுவா லெகா, கூட்டமாக நின்ற ஆமைகளின் முதுகின் மேலேயே வெகு தூரம் நடந்து போகலாம் என்ற அளவுக்கு எழுதி வைத்தார். நம் கடற்கரையில் சிலையாக நிற்பவர் துய்ப்ளேக்ஸ். அவருக்குச் சமகாலத்தவர், 1746-இல் சென்னையைப் பிடித்த லபூர்தொனே. அவர் கவர்னராக இருந்த மொரீஸ் தீவுக்கு ரொத்ரிக்கிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆமைகள் கறிக்காகக் கப்பலில் வந்தன. தீனி போடாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்; குளிர்பெட்டி இல்லாத காலத்துக்கு அதைவிட வசதி ஏது? 19-ஆம் நூற்றாண்டின் பாதிக்குள் அந்த மூன்று தீவிலும் அந்த இனங்களே இல்லாமல் போய்விட்டன. ஆமை புகுந்து மொரீஸ் கெடவில்லை. நாம் புகுந்து ஆமை கெட்டது.

"இதெல்லாம் எங்கேயோ நடந்தது, நமக்கென்ன?" என்பீர்கள். நம்மிடமும் ஒரு பழைய ஆமை உண்டு. அரியலூர்ப் பக்கம் கல்லமேடு என்று ஓர் ஊர். டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்து மண் அங்கே இருக்கிறது. அந்த மண்ணில் கிடைத்த ஆமை ஒன்றுக்கு 2001-இல் கூர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். கூர்மாவதாரத்துக் கூர்மமும் நம் கல்லமேடும் சேர்ந்த பெயர். கழுத்தைப் பக்கவாட்டில் மடித்துக்கொள்ளும் இனம். பெயர் வைத்த மூவரில் ஒருவர் நியூயார்க்கின் காஃப்னி. கொம்பாமையின் மண்டையோடு, கழுத்தெலும்பு, வாலெலும்பு, ஓடு என்று ஒவ்வொன்றாக அளந்து 1983 முதல் 1996 வரை புத்தகம் புத்தகமாக எழுதியவரும் இதே காஃப்னிதான். அவர் ஆமைக்காக ஆயுளைக் கொடுத்தார். நம்மில் எத்தனை பேருக்குக் கல்லமேட்டு ஆமை தெரியும்? அரியலூர் வழியாகத் திருச்சிக்கு எத்தனை முறை ரயிலில் போயிருப்போம்!

அதே கல்லமேட்டில் ராட்சத டைனோசர் எலும்புகளும் கிடைத்தன. 1980-களில் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த எலும்புகள் பத்திரப்படுத்தும் முன்பே உதிர்ந்து பொடியாகிவிட்டன. இன்று படமும் அளவும்தான் மிச்சம். இருப்பதைக் காப்பாற்றத் தெரியாத கையைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

செத்த எலும்பை விடுங்கள், உயிரோடு இருப்பதைப் பார்ப்போம். தை பிறந்தால் நம் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஆமைக்கு நுரையீரல், மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். இழுவை வலையில் மாட்டினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பத்திரிகையில் பார்த்தீர்கள். வலையில் சிக்கிய ஆமை வெளியேற வழி வைக்கும் சாதனம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் அந்த ஆமை முதல் அட்டவணையில், புலியோடு சம இடத்தில் நிற்கிறது. வலைக்காரர் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. கட்டுமரக் காலத்தில் ஆமையும் மீனவரும் ஒரே கடலில்தான் பிழைத்தார்கள். சாதனத்தை மானியத்தோடு கொடுத்துப் பயன்படுத்த வைப்பது அரசாங்கத்தின் வேலை. கேள்வி கேட்பது நம் வேலை.

இதில் வேடிக்கை ஒன்று. உயிருள்ள ஆமை வராண்டாவில் ஏறினால் ஹோமம். ஆனால் கண்ணாடி ஆமையைத் தட்டில் தண்ணீர் ஊற்றி வரவேற்பறையில் வைத்தால் பணம் கொட்டுமாம். விரலில் ஆமை மோதிரம் வேறு. நட்சத்திர ஆமையைப் பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள்; அங்கே வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் காத்திருக்கிறார்கள். 2019-இல் உலக நாடுகள் சேர்ந்து அதன் வியாபாரத்தையே தடுக்க வேண்டி வந்தது. பொம்மை ஆமை அதிர்ஷ்டம், நிஜ ஆமை தரித்திரம் என்றால், அந்தத் தர்க்கத்தை எந்தக் கோர்ட்டில் சொல்வது?

"ஒரு பழமொழிக்கா இவ்வளவு கோபம்? அதனாலா ஆமை செத்தது?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். பழமொழி வலை வீசவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சின்ன வயதிலிருந்தே ஒரு பிராணியைச் சனியன் என்று சொல்லிப் பழகிய மனசு, அது செத்து ஒதுங்கும்போது பதறாது. யானை செத்தால் ஊர் கூடி மாலை போடுகிறது. ஆமை செத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடைப்பயிற்சி தொடர்கிறது. எஃபாத்தே தீவில் கடைசி ஆமையின் காலை வெட்டிக் கொண்டுவந்தவருக்கு அது கடைசி என்று தெரிந்திருக்காது. அவருக்குச் சொல்லப் பத்திரிகையும் இல்லை, சட்டமும் இல்லை. நமக்கு எல்லாம் இருக்கிறது.

ஆகவே என் வயதுக்காரர்களிடம் மூன்று வேண்டுகோள். வீட்டில் ஆமை ஏறினால் ஜோசியரைக் கூப்பிடாமல் வனத்துறையைக் கூப்பிடுங்கள்; நீங்களே வைத்து வளர்க்கவும் வேண்டாம், அதுவும் குற்றம். தை, மாசி மாதங்களில் மூர்த்திக்குப்பம் பக்கம் போகிறவர்கள் இரவில் மணலில் விளக்கடித்து ஆமையை விரட்டாதீர்கள்; பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போய் வனத்துறையினர் குஞ்சு விடுவதைக் காட்டுங்கள். மூன்றாவது, அந்தப் பழமொழியை இனிப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் பாதியை மட்டும் சொல்லுங்கள். அமீனா கோபித்துக்கொள்ள மாட்டார். இப்போதெல்லாம் அவர் வருவதற்குப் பதிலாக வங்கியிலிருந்து போன்தான் வருகிறது.